பட்ஜெட் சுருங்கும்போது என்ன பேசுவது? தொழில்நுட்ப நிறுவனங்களின் மக்கள் தொடர்புக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொருளாதாரம் சரிகிறது என்ற பேச்சு எழுந்ததுமே பெரும்பாலான நிறுவனங்களில் கத்தரி இரண்டு இடங்களில் முதலில் விழுகிறது. ஒன்று, இன்னும் தொடங்காத தொழில்நுட்பத் திட்டங்கள். இன்னொன்று, மக்கள் தொடர்பு. தொழில்நுட்பம் விற்கும் ஒரு நிறுவனத்தில் மக்கள் தொடர்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் இரண்டு அடியும் உங்களுக்குத்தான். வாடிக்கையாளர் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார். உங்கள் துறைக்கும் பணம் குறைகிறது.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்திக் குறிப்பு எழுத உட்காரும் முன் செலவுக் கணக்கைப் படித்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. நிறுவனம் எதை வெட்டியது, எதை விட்டுவைத்தது என்பதையே வெளியில் இருப்பவர்கள் அதன் அறிக்கையாகப் படிக்கிறார்கள். நீங்கள் எழுதுவது அதற்கு அடிக்குறிப்பு மாதிரி.

முதல் படி: எந்தச் செலவு நிற்கும், எது ஓடும் என்று பாருங்கள்

ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்ப பட்ஜெட்டைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம்: இருப்பதை ஓட்டும் செலவு, புதிதாகச் செய்யும் செலவு. முதலாவதுதான் பெரும்பாலும் பெரியது. சம்பளக் கணக்கு மென்பொருள், மின்னஞ்சல், பாதுகாப்பு, ஒப்பந்தத்தில் கட்டுண்ட சந்தாக்கள் எல்லாம் அதில் வரும். அதை ஒரே நாளில் வெட்ட முடியாது. அதனால் அடி புதியவற்றின் மேல் விழுகிறது. பழைய கணினிகள் இன்னும் ஓராண்டு ஓடட்டும் என்பார்கள், பெரிய மென்பொருள் மாற்றங்கள் தள்ளிப்போகும், ஆலோசகர்களின் ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்கப்படாது.

ஆனால் எல்லா மந்தநிலையும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. 2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளிகளில் உச்சம் தொட்ட, தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 2002 அக்டோபரில் 1,114 வரை இறங்கியது. அப்போது சிக்கல் தொழில்நுட்பத் துறைக்குள்ளேயே இருந்தது. தேவைக்கு மேல் வாங்கிக் குவித்திருந்தார்கள். விற்காமல் தேங்கிய சரக்குக்காக மட்டும், வலையமைப்புக் கருவிகள் விற்கும் சிஸ்கோ 2001இல் சுமார் 220 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. 2008இல் நிலைமை வேறு. கடன் உறைந்துபோனது, மொத்தமாகப் போட்டு சர்வர் வாங்கக் கையில் பணமில்லை. அமேசான் 2006இல் தொடங்கியிருந்த, கணினித் திறனை இணையம் வழியே வாடகைக்குத் தரும் கிளவுட் சேவை போன்றவை பயன்படுத்திய அளவுக்கு மட்டும் மாதம் கட்டச் சொன்னது அந்த நேரத்தில் எடுபட்டது. 2020இல் விமானங்களும் ஓட்டல்களும் முடங்க, மடிக்கணினிக்கும் வீடியோ அழைப்புக்கும் தேவை எகிறியது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை ஒரே ஆண்டில் 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றியதும், பணம் விலை உயர்ந்த பொருளானது. யாரும் திறந்தே பார்க்காத சந்தாக்களை நிறுவனங்கள் தேடித் தேடி நிறுத்தின.

ஆக, உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த வகை மந்தத்தில் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். விற்பனைக் குழுவோடு உட்கார்ந்து, விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளரிடம் அது எந்தத் துறையின் பட்ஜெட்டில் வருகிறது, ஓட்டும் செலவா புதுச் செலவா, பணம் மொத்தமாகக் கட்டுவதா மாதம் மாதமா, ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்க வருகிறது. இதை வைத்துக்கொண்டு நிருபரைச் சந்திப்பதற்கும் இல்லாமல் சந்திப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாம் படி: கையெழுத்துப் போடுபவர் மாறிவிட்டார்

நல்ல காலத்தில் தொழில்நுட்பத் தலைவருக்குப் பிடித்தால் போதும், பொருள் உள்ளே வந்துவிடும். பணம் இறுகியதும் சின்னத் தொகைக்குக்கூட நிதித் தலைவரின் ஒப்புதல் வேண்டியிருக்கிறது. அவர் உங்கள் பொருளின் அழகைப் பார்ப்பவரல்ல. அவருக்கென்று ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். இப்போது எவ்வளவு போகும், எத்தனை மாதத்தில் திரும்பும், செய்யாமல் விட்டால் என்ன ஆகும், பிடிக்காவிட்டால் எப்படி வெளியேறுவது. இந்த நான்குக்கும் பதில் இருந்தால் போதும். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மந்தநிலையில் நிதித் தலைவரைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்: மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாத ஒப்பந்தம்.

மொழியும் மாற வேண்டும். ‘அடுத்த தலைமுறைத் தளம்’, ‘வணிகத்தையே புரட்டிப்போடும் தீர்வு’ போன்றவற்றை அடித்துவிட்டு மீதி என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றும் நிற்கவில்லை என்றால் சொல்ல விஷயமே இல்லை என்று பொருள். ‘மாதக் கணக்கு முடிக்க ஒன்பது நாள் ஆன இடத்தில் இப்போது நான்கு நாள்’ என்ற மாதிரி ஒரு வரி உங்கள் வாடிக்கையாளர் யாரிடமாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

சேமிப்புக் கணக்குகளில் ஒரு பொறி இருக்கிறது, புதியவர்கள் தவறாமல் அதில் விழுவார்கள். ‘ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் மணி நேரம் மிச்சம்’ என்று எழுதி, அதைச் சராசரிச் சம்பளத்தால் பெருக்கி, வந்த தொகையைச் சேமிப்பு என்று போடுவது. நிதித் துறைக்காரர் இதைப் பார்த்ததும் சிரிப்பார். நூறு பேருக்குத் தினம் பத்து நிமிடம் மிச்சமானால் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் ஒரு காசு குறையாது. கூடுதல் நேர ஊதியம் குறைந்ததா, எடுக்கவிருந்த ஆளை எடுக்க வேண்டாமல் போனதா, வெளியில் கொடுத்த வேலை நின்றதா? இவற்றில் ஒன்று நடந்திருந்தால் அது பணம். இல்லையென்றால் அதை வசதி என்று மட்டும் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: ஒவ்வொரு எண்ணுக்கும் பிறப்புச் சான்றிதழ் வைத்திருங்கள்

2020 ஏப்ரலில் ஜூம் நிறுவனம் தன் சேவைக்கு நாளொன்றுக்கு 30 கோடிப் பயனர்கள் என்ற பொருள்படச் சொன்னது. பிறகு அது திருத்தப்பட்டது: 30 கோடி என்பது கூட்டங்களில் பங்கேற்ற எண்ணிக்கை. ஒரே ஆள் ஒரு நாளில் ஐந்து கூட்டத்தில் இருந்தால் ஐந்து முறை எண்ணப்படுவார். வளர்ச்சி உண்மைதான், அதுவும் அசாத்திய வளர்ச்சி. ஆனாலும் ஒரு சொல் தவறியதில் செய்தி வேறு திசைக்குப் போனது. அதே நிறுவனம் தன் அழைப்புகளுக்கு முழுமையான முனைக்கு முனை மறையாக்கம் (பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் கேட்க முடியாத பாதுகாப்பு) இருப்பதாகச் சொன்னது அமெரிக்க வணிக ஆணையத்தின் விசாரணைக்கு உள்ளாகி, அந்த ஆண்டு நவம்பரில் உடன்பாட்டில் முடிந்தது.

பணம் புரளும் காலத்தில் இதையெல்லாம் யாரும் தோண்டுவதில்லை. மந்தநிலையில் முதலீட்டாளர், வாடிக்கையாளர், நிருபர் மூவருமே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் ஒரு எண் பதிவேடு தொடங்குங்கள். ஒரு சாதாரண விரிதாள் போதும். எண், அதன் வரையறை, எந்தத் தேதி நிலவரம், யார் கொடுத்தது, வெளியில் சொல்லலாமா என்று ஐந்து கட்டம். பதிவேட்டில் இல்லாத எண் எந்த மேடையிலும் வரக் கூடாது. தலைமை நிர்வாகிக்கும் இதே விதி, குறிப்பாக அவருக்கு.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைச் சிலருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்வதை அமெரிக்காவில் 2000 அக்டோபர் முதல் தனி விதி ஒன்று தடுக்கிறது. பிற சந்தைகளுக்கும் அவரவர் விதிகள் உண்டு. ஒரு நிருபரிடம் பேச்சுவாக்கில் ‘இந்தக் காலாண்டு சுமார்தான்’ என்று சொல்வதுகூட வம்பை விலைக்கு வாங்குவது. சட்டத் துறையைக் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

வாடிக்கையாளரின் வெற்றிக் கதையை வெளியிடும் முன் எழுத்தில் அனுமதி வாங்குவது வழக்கமான அறிவுரை. இப்போது அதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் ஆட்குறைப்பு செய்யவிருக்கலாம். ‘இருபது பேர் செய்த வேலையை எங்கள் மென்பொருள் செய்கிறது’ என்று நீங்கள் பெருமையாகப் போட்ட வரி அன்றைக்கு அவர்கள் தலையில் இடியாக இறங்கும். உங்களை அவர்கள் மறக்கவும் மாட்டார்கள்.

நான்காம் படி: சின்னச் செலவுகள்தான் பெரிய செய்தியாகும்

2008 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் நிறுவனங்களின் தலைவர்கள் அரசிடம் 2,500 கோடி டாலர் கடனுதவி கேட்க வாஷிங்டனுக்கு வந்தார்கள். மூவரும் தனித்தனியாகத் தனியார் ஜெட்டில் வந்தார்கள். கேட்ட தொகைக்கு முன் அந்த எரிபொருள் செலவு தூசு. ஆனால் 2,500 கோடி எவ்வளவு என்று யாராலும் மனதில் அளந்து பார்க்க முடியாது. ஜெட் விமானம் எல்லோருக்கும் புரியும். அடுத்த மாதம் மீண்டும் வந்தபோது ஹைப்ரிட் கார்களில் சாலை வழியே வந்தார்கள். அந்த மாற்றத்தையும் நாடகம் என்று சிலர் நையாண்டி செய்தார்கள், அது தவிர்க்க முடியாதது. ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதேதான் நடந்தது. அரசு 8,500 கோடி டாலர் கைகொடுத்துத் தூக்கிவிட்ட சில நாட்களிலேயே, 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து ஒரு சொகுசு விடுதியில் நடந்த கூட்டம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது.

அடுத்த மூன்று மாதத்தில் உங்கள் நிறுவனம் நடத்தவிருக்கும் விழா, வெளியூர்க் கூட்டம், விளையாட்டு விளம்பரதாரர் ஒப்பந்தம், புது அலுவலகத் திறப்பு எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் போடுங்கள். கெட்ட செய்தி வரக்கூடிய தேதிகளையும் அதிலேயே குறியுங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் முட்டிக்கொண்டால் ஒன்றை நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள். புதியவர் என்பதால் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்; நாட்காட்டியை முழுதாகப் பார்ப்பவர் பல நிறுவனங்களில் வேறு யாருமே இல்லை.

ஐந்தாம் படி: எதை வெட்டக் கூடாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு

மென்பொருள் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது நம் வேலையல்ல என்று நினைப்போம். 2022 டிசம்பரில் அமெரிக்காவைப் பனிப்புயல் தாக்கியபோது எல்லா விமான நிறுவனங்களுமே தடுமாறின. மற்றவை சில நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் எழ முடியவில்லை. எந்த விமானி எங்கே இருக்கிறார் என்று கணக்கு வைக்கும் பழைய பணி ஒதுக்கீட்டு அமைப்பால் ஈடுகொடுக்க முடியாமல், சுமார் 16,700 விமானங்கள் ரத்தாயின. அந்த அமைப்பைப் பற்றித் தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் எச்சரித்திருந்தன. ஓராண்டு கழித்துப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராத நடவடிக்கை எடுத்தது. இது மந்தநிலையில் நடந்த கதையல்ல. ஆனால் மந்தநிலையில்தான் இப்படிப்பட்ட பராமரிப்புகள் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ பட்டியலுக்குப் போகின்றன.

வெட்டும் பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி நிதிக் குழுவுக்குத் திருப்பி அனுப்புங்கள்: இது உடைந்து செய்தியானால், ஆபத்து தெரிந்தே வெட்டினோமா என்று கேட்பார்களே, என்ன சொல்வோம்? தரவுக் காப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள், வாடிக்கையாளர் உதவி மையம் ஆகிய மூன்று வரிகளில் இந்தக் கேள்வி உறைக்கும். மற்ற இடங்களில் அவர்கள் இஷ்டம்.

ஆறாம் படி: ஆட்குறைப்பு

இந்த வேலையிலேயே கடினமானது இது. இதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2020 மே 5 அன்று, பயணிகளுக்குத் தங்க வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தன் 7,500 ஊழியர்களில் சுமார் 1,900 பேரை விடுவித்தது. தலைமை நிர்வாகி பிரையன் செஸ்கியின் கடிதத்தில் அந்த ஆண்டு வருமானம் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போகும் என்ற கணிப்பு இருந்தது. எந்தத் திட்டங்கள் நிற்கின்றன, விலகுபவருக்கு எத்தனை வாரச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எவ்வளவு காலம் என்பதும் இருந்தது. மடிக்கணினியை அவர்களே வைத்துக்கொள்ளலாம், வேலை தேட ஒரு பொது விவரப் பட்டியலும் உண்டு என்றது கடிதம். 2021 டிசம்பரில் வீட்டுக் கடன் நிறுவனமான பெட்டர்.காம் சுமார் 900 பேரைச் சில நிமிட ஜூம் அழைப்பு ஒன்றில் விடுவித்தது. அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது; தலைமை நிர்வாகி கொஞ்சக் காலம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது.

‘ஜூமில் சொன்னதுதான் தப்பு’ என்று பலர் இதைப் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏர்பிஎன்பியும் கொள்ளை நோய்க் காலத்தில் தூரத்திலிருந்துதான் சொன்னது. வேலை போகிறவருக்கு அந்த நொடியில் தோன்றும் கேள்விகள் மிகச் சில: ஏன், எப்போதிலிருந்து, எவ்வளவு பணம், காப்பீடு என்ன ஆகும், யாரைக் கேட்பது? இவற்றுக்கு உடனே பதில் கிடைத்ததா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

சொல்லும் வரிசையைக் கடைப்பிடியுங்கள். முதலில் சட்டப்படி யாருக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று சட்டத் துறையிடம் உறுதி செய்யுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். பிறகு நேரடி மேலாளர்கள், அதுவும் சில மணி நேரம் முன்புதான். அடுத்து வேலை இழப்பவர்கள். அன்றே மீதமிருக்கும் ஊழியர்கள். அதன்பின் பெரிய வாடிக்கையாளர்கள். கடைசியில் பத்திரிகை. மின்னஞ்சல் கணக்குகளை எந்த மணிக்கு முடக்குகிறார்கள் என்று தொழில்நுட்பக் குழுவிடம் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழைப்புக்கு முன்பே கணக்கு முடங்கினால், திறக்காத கணினியைப் பார்த்துத்தான் அந்த ஆள் தன் வேலை போனதைத் தெரிந்துகொள்வார்.

எழுத்தில் ஆட்குறைப்பை ஆட்குறைப்பு என்றே சொல்லுங்கள். ‘அமைப்பைச் சீரமைக்கிறோம்’ என்று சுற்றி வளைத்தால் முதல் பத்தியிலேயே நம்பிக்கை போய்விடும். ‘இதோடு முடிந்தது, இனி இருக்காது’ என்றும் எழுதாதீர்கள். மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரை விடுவித்தது. 2023 மார்ச்சில் மேலும் சுமார் 10,000 பேர் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. நாளை என்ன நடக்கும் என்பது எழுதிக் கொடுப்பவருக்கும் தெரியாது, கையெழுத்திடுபவருக்கும் தெரியாது.

ஏழாம் படி: நல்ல செய்தியை எப்போது சொல்வது

மந்தநிலையில் முதலீட்டை அறிவிப்பது நல்ல உத்திதான், பணம் உண்மையிலேயே ஒதுக்கப்பட்டிருந்தால். 2009 பிப்ரவரியில் இன்டெல் அமெரிக்க ஆலைகளில் இரண்டு ஆண்டில் 700 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. எங்கும் கதவடைப்புச் செய்திகளாக வந்துகொண்டிருந்த நேரத்தில் அது தனித்துத் தெரிந்தது. ஆனால் முந்தைய மாதம்தான் அதே இன்டெல் பழைய ஆலைகள் சிலவற்றை மூடுவதாகவும், அதனால் 5,000 முதல் 6,000 பேர் வரை பாதிக்கப்படுவார்கள் என்றும் சொல்லியிருந்தது. இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கம்: பழைய தொழில்நுட்பம் வெளியே, புதியது உள்ளே. உங்களுக்கும் இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால், தொடர்பை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நிருபர் கண்டுபிடித்துச் சொன்னால் அது அம்பலமாகிவிடும்.

பத்திரிகை அலுவலகங்களிலும் இதே காலத்தில் ஆள் குறைகிறது. நேற்றுவரை தொழில்நுட்பம் மட்டும் எழுதியவர் இன்று மூன்று துறையைப் பார்க்கிறார். மாதம் எட்டுச் செய்திக் குறிப்பு அனுப்பியிருந்தால் ஒன்றாகக் குறையுங்கள். அந்த ஒன்றில் அவருக்குப் பயன்படும் தரவோ, பேசத் தயாராக இருக்கும் வாடிக்கையாளரோ இருக்க வேண்டும். ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் பேசாத இடத்தில் உங்களைப் பற்றிப் போட்டியாளர் பேசுவார்.

எட்டாம் படி: உங்கள் துறையின் பணம்

விருதுகளுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஊடகக் கண்காணிப்புச் சந்தா இருந்தால் ஒன்று போதும். ஏஜென்சிக்கு மாதாமாதம் நிலையான தொகை கொடுத்துவந்தால், வேலைக்கேற்பக் கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். நெருக்கடியில் நள்ளிரவில் போனை எடுக்கும் ஏற்பாட்டை மட்டும் கைவைக்காதீர்கள்.

நிதித் தலைவரிடம் கணக்குக் காட்டும்போது ‘இந்தச் செய்திகள் வந்த இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்கும்’ என்ற பழைய வாய்ப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மக்கள் தொடர்பு அளவீட்டுத் துறையினரே 2010இல் பார்சிலோனாவில் கூடி, அது மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒப்பந்தப் புதுப்பிப்புப் பேச்சுகளில் விற்பனைக் குழு உங்கள் கட்டுரைகளில் எதை எடுத்துப் பயன்படுத்தியது, எந்தப் புகார் செய்தியாகும் முன் தணிந்தது என்று காட்டுங்கள்.

எப்போது தொனியை மாற்றுவது?

அதிகாரபூர்வ அறிவிப்புக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அமெரிக்காவின் முந்தைய பெரும் மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கியது என்று அதைக் கணிக்கும் குழு அறிவித்தது 2008 டிசம்பரில். 2009 ஜூனில் அது முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது 2010 செப்டம்பரில். ஆகவே அறிக்கைகளில் ‘மந்தநிலை’ என்ற சொல்லைக் கண்டபடி போடாதீர்கள், ‘மீட்சி வந்துவிட்டது’ என்றும் முந்திக்கொள்ளாதீர்கள். முதல் படியில் போட்ட பட்டியலை மாதம் ஒருமுறை விற்பனைக் குழுவோடு திறந்து பாருங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று வாடிக்கையாளர்கள் ஒதுக்கிய திட்டங்களுக்கு மீண்டும் தேதி விழ ஆரம்பித்தால், நிதித் தலைவருக்கான அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதத் தொடங்கலாம். புதிய செய்திக் குறிப்பு அதற்கு அடுத்த மாதம் போனால் போதும்.